நீரடியில் தடயம் தேடுவோரின் பயிற்சியும் பாதுகாப்பும்

குற்றத்திற்குப் பயன்பட்ட ஆயுதங்கள் கிணற்றிலும் நீர்த்தேக்கத்திலும் எறியப்படுவதுண்டு. நீரில் விழுந்த பொருளில் தடயம் எஞ்சாது என்னும் எண்ணம் முற்றிலும் சரியன்று. விரல் ரேகையிலுள்ள நெய்ப்பசை நீரில் எளிதிற் கரைவதில்லை. ஆதலின், மாலிப்டினம் டைசல்பைடுத் துகள்கள் கலந்த நீர்மத்தை ஈரமான பரப்பின் மீது தெளித்து ரேகையை வெளிப்படுத்துதல் சில வேளைகளில் இயலும்.

எனினும், நீந்தத் தெரிந்தவரெல்லாம் இப்பணிக்குத் தகுதி பெற்றவராகார். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. 10 மீட்டர் ஆழத்தில் கலத்திலிருந்து சுவாசித்த காற்று, மேற்பரப்பை அடையுமுன் இருமடங்காக விரியும். மூச்சை அடக்கியவாறு மேலேறுபவரின் நுரையீரல் கிழிந்துபோகக்கூடும். அன்றியும், உடலில் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலேறுங்கால், மூடி திறந்த சோடாப் புட்டியிற்போலக் குமிழிகளாக வெளிப்படும். மூட்டுவலியும் பக்கவாதமும், சில வேளை மரணமும் இதனால் நேரும். பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேனும் துணைவரும் 1908-ஆம் ஆண்டில், படிப்படியாக மேலேறும் முறையை வகுத்து வெளியிட்டனர். நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறுதல் இன்று பொதுவான விதியாகும்.

கலங்கிய நீரில் தன் கையும் கண்ணுக்குப் புலப்படாது. எனவே, முகமூடியின் கண்ணாடியை மறைத்துக்கொண்டு, தடவியே தேடுவதற்கு முதலில் குளத்தில் பயிற்சி அளிக்கப்படுகின்றது. கயிற்றின் ஒரு முனை மூழ்குபவரின் கச்சையிலும் மறுமுனை கரையிலுள்ள துணைவர் கையிலும் இருக்கும். கயிற்றை இழுக்கும் எண்ணிக்கையே இருவர்க்கும் மொழி. துணைவர் கயிற்றைச் சிறிது சிறிதாக நீட்ட, மூழ்குபவர் வில் வடிவில் அடிநிலத்தைத் துழாவுவார். ஆபத்து நேரின் உடனே இறங்குவதற்கு, மற்றொருவர் முழு ஆயத்தத்துடன் கரையில் நிற்பார். அணைகளில் மதகை மூடிப் பூட்டிய பின்னரே இறங்குதல் வேண்டும். திறந்த மதகின் ஈர்ப்பிலிருந்து எவரும் நீந்தித் தப்புதல் அரிது. கழிவு கலந்த நீராயின், முகம் முழுவதையும் மூடும் கவசமும் நீர் புகா உடையும் இன்றியமையாதவை.

தேடிய பொருள் கிடைத்ததும் அதனை உடனே எடுத்துவிடலாகாது. இடத்தை மிதவையால் குறித்து, அளந்து, இயன்றால் படமும் எடுத்தல் வேண்டும். துப்பாக்கியை, அது கிடந்த நீருடனேயே கலத்தில் அடைத்து ஆய்வகத்திற்கு அனுப்புவர். காற்றுப் பட்டால் துரு விரைந்து ஏறும்.

நீரின் வேகமும் ஆழமும் ஐயத்திற்கிடமானால், பணியை மறுநாளைக்கு ஒத்திவைப்பதே முறை. நீரடியிற் கிடக்கும் ஆயுதம் காத்திருக்கும். மூழ்குபவரின் கலத்திலுள்ள காற்று காத்திராது.