முழங்காலும் மலைப்படியும்

காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் மேற்பரப்பை அடைகின்றது. பேருந்தில் அமர்ந்து செல்வோர் வளைவுகளை எண்ணிக்கொண்டே போவர். கடைசி வளைவுடன் ஏற்றம் முடிந்தது என்று மகிழ்வர். மலையிலேயே வாழ்வோர்க்கு ஏற்றம் அங்கேதான் தொடங்குகின்றது. வீட்டிலிருந்து காட்டிற்கும், காட்டிலிருந்து களத்திற்கும், களத்திலிருந்து சந்தைக்கும் ஏறியும் இறங்கியுமே அவர்கள் காலங்கழிக்க வேண்டும்.

சோளக்காட்டுச் சந்தையில் வாழைத்தாரை இறக்கிவைத்துவிட்டு முழங்காலை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்து நின்ற மூதாட்டியார் ஒருவரிடம், “ஏற்றம் மிகவும் சிரமமாக இருக்கிறதா, அம்மா?” என்று வினவினோம். “ஏறறதுக்குப் பரவாயில்லீங்க, எறங்கறப்பத்தான் உசிரு போகுது” என்றார். இந்த ஒரு வாக்கியத்தில், மேல்நாட்டு ஆராய்ச்சிச் சாலைகள் விலையுயர்ந்த கருவிகளைக்கொண்டு கண்டறிந்த உண்மை அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னரே நாம் உணர்ந்தோம்.

ஜெர்மனியின் பெர்லின் நகரில் செயற்கை முழங்கால் பொருத்தப்பட்ட 5 பேரின் மூட்டினுள்ளேயே சிறு அளவுகோல் கருவியை வைத்து, அன்றாட அசைவுகளில் மூட்டின்மேல் விழும் பாரத்தை அளந்தனர். முடிவு 2010-இல் வெளியாயிற்று. சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல் சராசரி 2.61 மடங்கும், படியேறும்போது 3.16 மடங்கும், படியிறங்கும்போது 3.46 மடங்கும் பாரம் விழுந்தது. 50 கிலோ எடையுள்ள ஒருவர் படியிறங்கும்போது அவர் முழங்கால் சுமார் 173 கிலோவைத் தாங்குகிறது என்று பொருள். தலையில் 20 கிலோ சுமையும் இருக்குமானால், அதே விகிதத்தில் நாம் போட்டுப் பார்த்த மனக்கணக்கு 242 கிலோ என்று காட்டுகிறது. இறங்கும்போது பூமி நம்மை இழுத்துக்கொள்கிறதே, உழைப்பேது என்று நினைப்பது தவறு. ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்புறத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடித்து, இறங்கும் வண்டிக்குத் தடைக்கட்டை போல் வேலை செய்கிறது. அத்தசை பலவீனமாயின் தடை தளரும். அதிர்ச்சி முழுவதும் மூட்டில் விழும்.

இந்த வேதனை மலையினருக்கு மட்டும் உரியதன்று. மலையடிவாரத்தில் ராசிபுரத்துப் பக்கம் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்யும் நம் நெசவாள அங்கத்தினர்களும் இதனை அறிவர். பகல் முழுவதும் மிதிபலகையை மிதித்துவிட்டுக் குழியிலிருந்து எழும்போது, தறிமரத்தைப் பற்றிக்கொள்ளாமல் எழ முடியாதவர் பலர். மலையில் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தின்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. ஏணியில் ஏறிப் பறிக்க முழங்கால் இடங்கொடாத விவசாயி, கொடியிலிருக்கும்போதே விளைச்சலைக் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் பேசி விட்டுவிட நேர்கிறது. நெசவாளர் எனில் வாரத்தில் ஒரு சேலை குறைகிறது. மூட்டுவலி வைத்திய விஷயமாக இருப்பதோடு வரவு செலவு விஷயமாகவும் இருப்பதாலேயே இந்தப் பத்திரிகையில் இதைப்பற்றி எழுத முன்வந்தோம்.

வலி என்று போய்ச் சொன்னால் இரண்டு விடைகள் கிடைப்பது வழக்கம். வயதாகிவிட்டது, இனி ஓய்வாக இருங்கள் என்பது ஒன்று. மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் வலி மாத்திரை மற்றொன்று. இரண்டாவது அன்றைய சந்தைக்குப் போய்வர உதவலாம். மாதக்கணக்கில் தாமாகவே வாங்கி விழுங்கி வந்தால் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்திற்குத் தீங்கையும் இரத்த அழுத்தத்தையும் அது தரவல்லது. முதலாவது விடையில் மாத்திரையின் தீங்கு இல்லாவிடினும், அதிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. அதை விளக்குவதற்குச் சற்றுப் பழைய ஆராய்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1965-இல் டி ஆன்ட்ராடே, கிராண்ட், டிக்சன் என்னும் மூவர், முழங்கால் மூட்டினுள் திரவத்தைச் செலுத்தி அது வீங்கும்போது தொடைத்தசை என்னாகிறது என்று சோதித்தனர். தசைக்கு எவ்விதக் கெடுதியும் செய்யாதிருந்தும் அது முழு வேகத்துடன் சுருங்க மறுத்தது. மூட்டிலிருந்து நரம்பின் வழியே செல்லும் செய்தி தசையை அடக்கி வைத்துவிடுகிறது. ஆகவே, மூட்டு வீங்கி வலித்தால் தசை சோர்கிறது; சோர்ந்த தசை மூட்டைக் காப்பதில்லை; காப்பற்ற மூட்டு மேலும் வலிக்கிறது. ஓய்வு என்ற பெயரால் காலை நீட்டியே வைத்திருந்தால் இந்தச் சுழல் வேகமாகச் சுற்றுமேயன்றி நிற்காது. 1997-இல் அமெரிக்காவின் இந்தியானாவில் ஸ்லெமெண்டா குழுவினர் மற்றொன்றைக் கண்டனர். மூட்டுத் தேய்வு எக்ஸ்ரே படத்தில் தெரிந்தும் வலி ஏதும் இல்லாதிருந்த முதியவர்களிடத்துங்கூடத் தொடைத்தசை பலவீனமாக இருந்தது. வலியினால்தான் தசை மெலிகிறது என்று மட்டும் எண்ணியிருந்தவர்கள், தசையின் மெலிவே முன்னர் வந்து மூட்டைக் கெடுக்கவுங்கூடும் என்று அதன்பின் யோசிக்கத் தொடங்கினர்.

இங்கே நம் வாசகர்கள் குறுக்கிட்டுக் கேட்பது நமக்குத் தெரியும். “நாள் முழுவதும் மலையேறுகிறோம், மண்வெட்டி பிடிக்கிறோம், மிதி மிதிக்கிறோம். எங்களுக்கெதற்குத் தேகாப்பியாசம்? அது நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவோர்க்கல்லவா?” நியாயமான கேள்வி. உழைப்பு வேறு, பயிற்சி வேறு என்பதே அதற்கு விடை. உழைப்பில் பாரத்தின் அளவை நாம் தீர்மானிப்பதில்லை. வாழைத்தாரின் எடையும் சந்தையின் தூரமும் தீர்மானிக்கின்றன. வலிக்கும் காலை நாம் அறியாமலே காத்துக்கொண்டு மற்றக் காலின்மேல் சாய்ந்து நடக்கிறோம். ஆகையால் பயிற்சி எந்தத் தசைக்கு வேண்டுமோ அதுவே வேலையினின்று தப்பித்துக்கொள்கிறது. குழித்தறியில் மிதிப்பவரின் தொடையும் ஒரே சிறு அசைவைத்தான் ஆயிரந்தடவை செய்கிறது. முழு நீளத்துக்கு மடங்கி நிமிரும் வேலை அதற்குக் கிடைப்பதில்லை. பயிற்சி என்பது, அந்தத் தசையையே குறிவைத்து, தாங்கத்தக்க பாரத்தில் தொடங்கி, அளவறிந்து ஏற்றிக்கொண்டு போவது.

இந்த அளவேற்றும் முறைக்கு வழிகாட்டியவர் தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க இராணுவ வைத்தியர். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் காயமுற்ற வீரர்கள் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து தேறாதிருக்க, சிகாகோ நகரின் இராணுவ மருத்துவமனையில் அவர்களது காலில் பாரத்தைக் கட்டித் தூக்கச் செய்து, நாளடைவில் பாரத்தைக் கூட்டினார். 1945-இல் அவர் தம் அனுபவத்தை வெளியிட்டார். மெலிந்த காலுக்குப் பாரம் ஆகாது என்ற அக்கால அபிப்பிராயத்தை அது அசைத்துவிட்டது. வயது ஏறிவிட்டால் தசை ஏறாது என்ற எண்ணத்தை 1990-இல் பாஸ்டனில் ஃபியட்டரோனி என்னும் வைத்தியப் பெண்மணி மாற்றினார். முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி 90 வயதுடைய 10 பேருக்கு 8 வாரம் பாரப்பயிற்சி கொடுத்ததில், அவர்களது தொடைத்தசையின் வலிமை சராசரி நூற்றுக்கு 174 பங்கு உயர்ந்தது.

வலிக்கும் முழங்காலுக்கு இது உதவுமா? 1997-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 60 வயதைக் கடந்த, முழங்கால் தேய்வுள்ள 439 பேரை மூன்று பிரிவாக்கி 18 மாதம் கவனித்தனர். நடைப்பயிற்சி பெற்றோரும் பாரப்பயிற்சி பெற்றோரும், உபதேசம் மட்டும் கேட்டோரைவிட வலியிலும் செயலிழப்பிலும் நூற்றுக்கு 8 முதல் 12 பங்கு வரை குறைவாகவே துன்புற்றனர். 2015-இல் காக்ரேன் அமைப்பு இத்தகைய சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, 100 புள்ளி அளவில் வலி சுமார் 12 புள்ளியும், செயல்திறன் சுமார் 10 புள்ளியும் தேறியதாகக் கண்டது. 2024-இல் 139 சோதனைகளைக்கொண்டு மீண்டும் பார்த்தபோது பயன் உண்டு என்பது உறுதியாயிற்று. ஆனால் பயனின் அளவு சிறிதே என்றும் எழுதினர். 2021-இல் 377 பேரிடம் நடந்த சோதனையில், மிகக் கடும் பாரத்தைத் தூக்கியவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தேறவில்லை.

இதை மறைத்து எழுதுவது நமக்கு உடன்பாடன்று. அதிசயம் நிகழும் என்று சொல்லி எண்ணெய் விற்பவர்களிடம் நம் மக்கள் இழந்த பணம் போதும். பயிற்சி தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்ப்பதில்லை. பத்துப் புள்ளி தேறுவது சிறிது போலத் தோன்றலாம். கையூன்றாமல் குழியிலிருந்து எழுவதற்கும் எழ முடியாமைக்கும் நடுவே உள்ள தூரம் பல வேளைகளில் அவ்வளவுதான்.

ஆராய்ச்சியாளர் செயல்திறனை எப்படி அளக்கின்றனர் என்பதும் நாம் கவனிக்கத்தக்கது. கனடாவில் உருவாகி 1988-இல் வெளியான வோமாக் என்னும் வினாத்தாளில் 24 கேள்விகள் உண்டு. 5 வலிபற்றியும், 2 விறைப்புபற்றியும், 17 அன்றாடச் செயல்பற்றியும் கேட்பன. காரில் ஏறி இறங்க முடிகிறதா, குளியல் தொட்டியில் இறங்க முடிகிறதா என்பவை அவற்றுள் அடக்கம். செம்மேட்டிலோ வளப்பூர் நாட்டிலோ இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நமக்கு வேண்டிய கேள்வி, குந்தி உட்கார முடிகிறதா, சம்மணமிட்டுச் சாப்பிட முடிகிறதா என்பதே. இதையறிந்து புனே நகரில் வைத்தியர் அரவிந்த் சோப்ராவின் மூட்டுநோய் மையத்தார் நம் நாட்டு வாழ்க்கைக்கேற்ப அத்தாளைத் திருத்தியமைத்தனர். இதே குழுவினர் 1996-இல் மகாராஷ்டிரத்துப் பிக்வான் என்னும் கிராமத்தில் வீடு வீடாகச் சென்று மூட்டு, தசை வலியுள்ளோரைக் கணக்கெடுத்தவர்கள்.

குந்துதலிலும் இரண்டு பக்கம் உண்டு. சீனத்தின் பெய்ஜிங் நகரில் முதியோரை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவின்படி, இளமையில் நாள்தோறும் நெடுநேரம் குந்தியிருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் முழங்கால் தேய்வு கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே களை பறிக்கும்போது மணிக்கணக்கில் குந்தியே இராமல், ஒரு சாண் உயரப் பலகைத் துண்டையேனும் இட்டு அமர்வது நலம்.

சுமையைக் குறைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு பயிரிடும் பரப்பு குறைந்ததற்கு, சேகோ ஆலைகளுக்கான மரவள்ளி பணம் தந்தது ஒரு காரணம். சாமையை உரலிலிட்டு உலக்கையால் குத்தி உமி நீக்கும் பெருஞ்சிரமம் மற்றொரு காரணம். அது பெண்களின் தோளிலும் இடுப்பிலும் விழுந்தது. 1990-களிலிருந்து இம்மலையில் பணியாற்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையம், உமி நீக்கும் சிறு யந்திரங்களைக் கிராமங்களுக்குக் கொணர்ந்து உள்ளூர்க் குழுக்களின் பொறுப்பில் நடத்தச் செய்தது. பயிரைக் காக்கச் செய்த காரியம் அது. ஆயினும் எத்தனையோ தோள்மூட்டுக்களையும் காத்திருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

இனிச் செய்முறை. திண்ணையிலோ நாற்காலியிலோ அமர்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மெதுவாக எழுந்து மெதுவாக அமர வேண்டும். தொப்பென்று விழலாகாது, அமரும்போது தசை இழுத்துப் பிடிப்பதே மலையிறங்கும் காலுக்குச் சரியான ஒத்திகை. பத்துத் தடவை செய்து, இளைப்பாறி, மீண்டும் செய்யலாம். முடியாதவர் திண்ணையின்மேல் மணை ஒன்றை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்வர். அடுத்தது, அமர்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டிச் சற்றே நிறுத்தி இறக்குவது. இது எளிதானபின் கணுக்காலில் மணற்பை கட்டலாம். அரைக் கிலோவில் தொடங்கி, பத்துத் தடவை சிரமமின்றி ஆனபின் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். தசை தேறுவதற்கு இடைநாள் வேண்டும். பயன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

செய்யும்போது சிறிது வலித்தால் அஞ்ச வேண்டுவதில்லை. பத்தில் ஐந்து என்னும் அளவைத் தாண்டாமலும், மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பியும் இருக்குமானால் அது பொறுக்கத்தக்க வலி. மறுநாளும் கூடுதலாக வலித்தால் பாரத்தைக் குறைக்க வேண்டும். மூட்டு சிவந்து சுட்டாலும், காய்ச்சல் கண்டாலும், விழுந்தபின் காலூன்ற முடியாவிட்டாலும், காலையில் கைவிரல்களின் விறைப்பு ஒரு மணி நேரத்திற்குமேல் நீடித்தாலும் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் செல்வதே முறை. நூல் பிடிக்கும் விரல்களைக்கொண்டு பிழைப்போர் கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யலாகாது. அது தேய்வாக இராமல் வேறு நோயாக இருக்கக்கூடும்.

இயன்முறை சிகிச்சை என்றால் பக்கவாதத்திற்கும் இளம்பிள்ளை வாதத்திற்கும் மட்டுமே என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் உண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம், முதுகெலும்பு முறிந்தோர்க்குச் செய்த தொண்டால் பெரும் புகழ் பெற்றது. அப்புகழின் நிழலில் சாதாரண முழங்கால் வலிக்காரர் தமக்கும் அங்கே இடமுண்டு என்பதை மறந்தார் போலும். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளோடு, வீட்டிற்கே வந்து அளிக்கும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. மலையூர்களில் உள்ள நம் அங்கத்தினர், மாத்திரை கொண்டுவரும் சுகாதாரப் பணியாளரிடம் முழங்காலைப்பற்றியும் வாய்திறந்து கேட்கலாம். கேளாதவர் வீட்டிற்கு எவரும் தாமாக வரமாட்டார்.

மணற்பை தைப்பதற்கு நெசவாளர் எவரிடமும் ஒரு சாண் அகலக் காடாத்துணி கேட்டால் கிடைக்கும். மணலைச் சலித்து உலர்த்திப் போட வேண்டும். ஈரமணல் எடையில் ஏமாற்றும். சங்கத்து எடைமேடையில் ஒருமுறை நிறுத்து, எடையைப் பையின்மேல் மையால் எழுதிவிடுவது நல்லது.