பழைய கிராபிக்ஸ் அட்டைக்குக் கூடுதல் நினைவகம்

கணிப்பொறித் திரையில் தோன்றும் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஓர் எண்ணாகக் கிராபிக்ஸ் அட்டையின் நினைவகத்தில் வைக்கப்படுகிறது. ஆதலின் எத்துணை நினைவகம் வேண்டும் என்பதை எளிய பெருக்கலால் அறியலாம். 1024 × 768 புள்ளிகளை 256 நிறங்களில் காட்டப் புள்ளிக்கு 1 பைட் வீதம் 7,86,432 பைட்டுகள் போதும். 65,536 நிறங்களுக்கோ புள்ளிக்கு 2 பைட் வீதம் 15,72,864 பைட்டுகள் தேவை. 1 மெகாபைட் என்பது 10,48,576 பைட்டுகள். முன்னது அதில் அடங்கும், பின்னது அடங்காது.

1990களின் நடுவில் வெளிவந்த எஸ்3 டிரையோ64 அட்டைகள் பலவற்றில், 1 மெகாபைட் தரும் இரு நினைவகச் சில்லுகளுடன், மேலும் இரண்டைச் செருகுவதற்குரிய குழிகளும் இருந்தன. சில்லு ஒவ்வொன்றும் ஒரே வேளையில் 16 பிட்டுகளைத் தரும். இரண்டு நான்கானால் கொள்ளளவு 2 மெகாபைட் ஆகும். தரவுப் பாதையும் 32 பிட்டிலிருந்து 64 பிட்டாக விரிந்து வேகம் மிகும்.

புதிய சில்லுகள் வகையிலும் வேகத்திலும் பழையவற்றை ஒத்திருத்தல் வேண்டும். மின்னிணைப்பை நீக்கி, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பின்னரே அவற்றைக் கையாளுக. சில்லின் முனையடையாளம் குழியின் அடையாளத்தோடு பொருந்தவேண்டும். மாறிச் செருகினால் சில்லு பழுதாகலாம். குழியில்லாத அட்டையில் இம்முறை பயன்படாது.

பள்ளியிலுள்ள பழைய பொறியைக் கழிப்பதற்கு முன் இக்கணக்கை மாணவரைக்கொண்டே செய்வித்தல் நன்று. தேவை எவ்வளவு என்று அறிந்து செலவிடுதலே சிக்கனம்.