அலோர்ஸ்டாரில் காத்திருந்த கேமராக்கள்

சுங்கைப்பட்டாணி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஈர்ப்புக்கு ஐன்ஸ்டைன் சொன்னதுதான் கடைசிக் கணக்கா? வேறு கணக்குச் சொல்பவர்களை எதை வைத்துச் சோதிப்பது?" நட்சத்திரங்களை வைத்துத்தான் ஐயா. அதற்காக நம் கெடாவுக்கே ஆட்கள் வந்து முகாம் போட்டிருக்கிறார்கள்.

1929 மே 9, முழுச் சூரிய கிரகணம். நிழல் சுமத்ராவைக் கடந்து கெடா மீது ஓடியது. பிரிட்டிஷ் வானியலாளர்கள் அலோர்ஸ்டாரில் கருவிகளோடு காத்திருந்தார்கள், மேகம் கெடுத்துவிட்டது. உருப்படியான படங்கள் கிடைத்தது சுமத்ராவின் தாக்கெங்கோனில், பிராய்ண்ட்லிக் தலைமையில் வந்த ஜெர்மானியருக்கு.

அவர்கள் அளக்க வந்தது இது: சூரிய விளிம்பை உரசி வரும் நட்சத்திர ஒளி, சூரியனின் ஈர்ப்பால் எவ்வளவு வளையும்? ஒரு பாகையை 3,600 கூறாக்கினால், நியூட்டன் வழியில் 0.87 கூறு, ஐன்ஸ்டைன் வழியில் 1.75. பிராய்ண்ட்லிக்குக் கிடைத்ததோ 2.24! இருவருமே தவறா?

விஷயம் சுவைப்பது இங்கேதான். கிரகணத் தகட்டை, அதே நட்சத்திரங்களை இரவில் எடுத்த தகட்டோடு ஒப்பிடுவார்கள். 8.5 மீட்டர் கேமராவிலும் அந்த 1.75 கூறு, மில்லிமீட்டரில் நூற்றில் ஏழு பங்குதான். இடையில் கருவி வெப்பத்தில் துளி நீண்டிருந்தால்? சின்ன வயதில் பச்சை ரப்பர் ஷீட்டில் மைப்புள்ளி வைத்து இழுத்து விளையாடுவோம். (பாடநூலில் ஈர்ப்புக்குக் காட்டும் ரப்பர் விரிப்பு அல்ல, அசல் தோட்டத்து ஷீட்.) எல்லாப் புள்ளிகளும் நடுவை விட்டு விலகும், ஓரத்துப் புள்ளி அதிகமாக; கருவி நீண்டாலும் தகட்டில் இதே கதைதான். ஈர்ப்பு வளைவில் நேர்மாறு: சூரியனை ஒட்டியதுதான் அதிகம் நகரும். இரண்டும் கலந்த நகர்விலிருந்து ஒன்றைக் கழித்தெடுப்பதில்தான் சண்டை. டிரம்ப்ளர் என்ற வானியலாளர் அதே அளவீடுகளை மறுகணக்குப் போட்டு 1.75 பக்கம் கொண்டுவந்தார். பிராய்ண்ட்லிக் ஒப்பவில்லை.

கிரகணத்தன்று கோயில் நடை சாத்துவது நமக்குத் தெரியும்; இந்த முகாம் எத்தனை பேருக்குத் தெரியும்? லங்காவியில் தேசிய வானாய்வகமே இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய், வரியில்லாச் சாக்லேட்டோடு திரும்பிவிடுகிறோம்.

இனி வாசகர் கேட்ட 'வேறு கணக்கு'. இன்றைய மாற்றுக் கணக்குகளில் பேர்பெற்றது 1983-இல் இயற்பியலாளர் மில்குரோம் சொன்னது: ஈர்ப்பு மிக மெலிந்த இடத்தில் நியூட்டன் விதி மாறுகிறது, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் என ஒன்று தேவையில்லை. இதற்குச் சாட்சிக் கூண்டில் நிற்பவை, பூமி–சூரியன் தூரத்தைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு விலகி ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்கள். கியா விண்கலம் அளந்ததை வைத்து, தென்கொரிய வானியலாளர் சே 2023-இல் "விதி மாறுகிறது" என்றார். பானிக் என்ற இன்னொரு வானியலாளரின் குழு "நியூட்டனே சரி" என்றது. தரவு ஒன்றே, நீங்களும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சிக்கல் வேறிடத்தில்: இரட்டை என எண்ணியதில் மங்கலான மூன்றாவது ஒன்று ஒளிந்திருந்தால், வேகம் கூடுதலாகத் தெரியும். எத்தனை ஜோடிகளில் அப்படி ஒளிந்திருக்கிறது என்பதில்தான் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை.