மழைக்காலமும் மிதிவண்டியின் பிரேக்கும்



பால்வெட்டுக்கும் மழைக்கும் உள்ள பகை நீங்கள் அறியாததன்று. மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. வெட்டிய பின் மழை பெய்தால் மங்கிலுள்ள பால் வழிந்தோடிவிடும். அன்றைய உழைப்பு வீணாகும். ஆனால் மழை கெடுக்கும் மற்றொரு பொருள் நம் வீட்டு வாசலிலேயே சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதுதான் மிதிவண்டி. இன்று பல வீடுகளில் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. எனினும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும், கடைக்கும் கோயிலுக்கும் போய்வரும் பெரியவர்களும் சைக்கிளையே நம்பியிருக்கும் தோட்டங்கள் இன்னும் உள்ளன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். அங்கு ஒரு தொழிலாளி கையில் கட்டுடன் லயத்து வாசலில் அமர்ந்திருந்தார். மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மழையில் சரிவு இறங்கியபோது பிரேக் பிடிக்கவில்லை என்றார். சைக்கிள் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதிற்று. நல்ல வேளையாக மகளுக்குச் சிராய்ப்புடன் போயிற்று. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் கத்தி பிடிக்க முடியாத நிலை. “நேற்றுவரை நன்றாகத்தானே பிடித்தது!” என்று அவர் வியந்து கூறினார். அவர் கூறியது உண்மையே. நேற்று வெயில், இன்று மழை. அந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நனைந்தால் பிரேக் ஏன் பிடிப்பதில்லை?

சைக்கிளை நிறுத்துவது உராய்வு. பிரேக் கட்டை சக்கரத்தின் ரிம்மை அழுத்துகிறது. இரண்டும் உராய்வதால் வேகம் குறைகிறது. மழையில் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் புகுந்துவிடுகிறது. கட்டை உலோகத்தைப் பற்றாமல் நீரின் மேல் வழுக்குகிறது. சக்கரம் பல முறை சுழன்று, கட்டை அந்நீரைத் துடைத்து அகற்றிய பின்னரே பிடிப்பு திரும்புகிறது.

குரோமியம் பூசிப் பளபளக்கும் எஃகு ரிம்மில் இக்குறை மிகுதி. மிதிவண்டியின் அறிவியல் பற்றி ஃபிராங்க் விட், டேவிட் கார்டன் வில்சன் ஆகிய இருவரும் எழுதிய நூல் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. வில்சன் பேராசிரியராக இருந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இதனை ஆய்ந்து பார்த்தனர். நனைந்த எஃகு ரிம்மில் உராய்வு பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறையலாம் எனத் தெரியவந்தது.

நாம் அவ்வளவு மோசமாகக் கொள்ள வேண்டா. நான்கில் ஒரு பங்கு பிடிப்பு எஞ்சியிருப்பதாகக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் சைக்கிள் ஒரு வினாடியில் 5 மீட்டர் செல்கிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்கே ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். அதன் பின், நல்ல பிரேக் உலர்ந்த சாலையில் ஏறக்குறைய 3 மீட்டரில் வண்டியை நிறுத்தும். ஆக மொத்தம் 8 மீட்டர். மழையிலோ அந்த 3 மீட்டர் 12 மீட்டருக்கு மேல் நீளும். மொத்தம் 17 மீட்டரையும் தாண்டும்.

இது சமதரைக் கணக்கு. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவு தோட்டச் சாலைகளில் அரிதன்று. அத்தகைய சரிவில், எஞ்சியிருக்கும் அந்தக் கால் பங்குப் பிடிப்பு, சரிவு கீழே இழுக்கும் விசையை ஈடுசெய்வதற்கே சரியாகப் போய்விடும். பிடித்த பிடியை விடாமல் இருந்தாலும் வண்டி அதே வேகத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். நாம் கண்ட தொழிலாளிக்கு நேர்ந்தது இதுவே. பின்னால் மகளின் எடையும் சேர்ந்தபோது நிலைமை மேலும் கடினமாயிற்று.

எந்த பிரேக் ஏற்றது?

பழைய கறுப்புச் சைக்கிள்களில் இருப்பது கம்பி பிரேக். கைப்பிடியை இழுத்தால் இரும்புக் கம்பிகள் கட்டையை மேலே தூக்கி, ரிம்மின் உட்புறத்தில் அழுத்தும். கம்பி எளிதில் அறுவதில்லை என்பது இதன் சிறப்பு. ஆயினும் எஃகு ரிம்மை நம்பியிருப்பதால் மழையில் இதுவே மிகவும் தளர்ந்துவிடும். எஃகு ரிம்முக்கென்றே முகப்பில் தோல் பதித்த கட்டைகள் உண்டு. அவை ஈரத்தில் வெறும் ரப்பரைவிட நன்கு பற்றும். கிடைத்தால் வாங்கிப் பொருத்தலாம். அலுமினிய ரிம்முக்கு அவை ஏற்றவை அல்ல.

இரண்டாவது கேபிள் பிரேக். ரிம்மின் இரு பக்கங்களையும் இடுக்கிபோல் பிடிப்பது. இதன் கட்டை அலுமினிய ரிம்மில் அழுத்துமானால் ஈரத்திலும் ஓரளவு நல்ல பலன் தரும். உங்கள் ரிம் எந்த உலோகம் என்பதை அறிய ஒரு காந்தத் துண்டை வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். சக்கரம் மாற்றவேண்டிய நிலை வரும்போது அலுமினிய ரிம் கேட்டு வாங்குவது நலம்.

மூன்றாவது, சக்கரத்தின் நடுக்குடத்தினுள்ளே அமைந்த பிரேக். கைப்பிடியால் இயங்கும் டிரம் பிரேக்கும், மிதியைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்கும் இவ்வகை. மழையும் சேறும் எளிதில் உள்ளே புகா; ஆதலால் வெயிலிலும் மழையிலும் ஏறத்தாழ ஒரே பலன் கிடைக்கும். ஆனால் பின்மிதி பிரேக் சங்கிலியை நம்பியது. சங்கிலி கழன்றால் பிரேக் இல்லை. எனவே முன்சக்கரத்தில் தனியாக ஒரு கை பிரேக் கட்டாயம் இருத்தல் வேண்டும்.

நான்காவது, இக்காலத்துப் புதிய சைக்கிள்களில் காணப்படும் தட்டு பிரேக். ரிம் நனைந்தாலும் சேறு படிந்தாலும் இதற்குக் குறைவில்லை. ஆனால் அத்தட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிடிப்புக் கெட்டுவிடும்.

புதிய வண்டி வாங்க எல்லாருக்கும் வசதி இராது. இருக்கும் வண்டியில் நல்ல கட்டை மாற்றுவதற்குச் சில வெள்ளியே போதும். இரண்டு மாதச் சம்பள இழப்புடன் அதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மழையில் ஓடிய பின் செய்யவேண்டியவை

செம்மண் சாலையின் சேற்றில் நுண்மணல் கலந்துள்ளது. அது கட்டையில் பதிந்துகொண்டு உப்புத்தாள்போல் ரிம்மைத் தேய்க்கும். அலுமினிய ரிம் தேய்ந்து உட்குழிந்தால் ஒரு நாள் வெடித்துப் பிளக்கவும் கூடும். எனவே வீடு திரும்பியதும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

1. ஒரு வாளி நீரை மெல்ல ஊற்றிச் சேற்றைக் கழுவுங்கள். குழாய் நீரைச் சக்கரத்தின் நடுக்குடத்தின்மீது வேகமாகப் பீய்ச்ச வேண்டா. உள்ளேயுள்ள மசகு கரைந்து குண்டுகள் துருப்பிடிக்கும்.

2. ரிம்மைச் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் சுற்றிலும் துடைத்து, நல்ல நீரால் கழுவி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

3. கட்டையின் முகத்தைப் பாருங்கள். பதிந்த மணலையும் உலோகத் துகளையும் ஊசிமுனையால் எடுத்துவிடுங்கள். முகம் கண்ணாடிபோல் மின்னினால் உப்புத்தாளால் இலேசாகத் தேயுங்கள். வரிப்பள்ளங்கள் மறையும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் புதிய கட்டை மாற்றுங்கள்.

4. கட்டை ரிம்மில் மட்டுமே படவேண்டும். டயரில் பட்டால் டயர் கிழியும்.

5. கேபிளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் உடனே மாற்றுங்கள். மற்ற இழைகள் நெருக்கடியான நேரத்தில்தான் அறும்.

6. பிரேக்கின் மூட்டுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். சங்கிலிக்கு எண்ணெயிட்ட பின் மிகுதியைத் துடைத்துவிடுங்கள். ரிம்மிலோ கட்டையிலோ எண்ணெய் படவே கூடாது.

மண்ணெண்ணெயால் ரிம்மைத் துடைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. மண்ணெண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பி மிருதுவாகிவிடும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிரேக் கட்டைக்கும் அக்கதியே நேரலாம். அதுபோல், ரிம்மில் சிந்திய பால் உறைந்து பிசின்போல் ஒட்டிக்கொள்ளும், உறையுமுன் கழுவிவிடுங்கள். பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் பட்டால் உலோகம் அரிக்கும். உடனே நிறைய நீர் ஊற்றுங்கள்.

ஓட்டும்போது கவனிக்க

புறப்படுமுன் வண்டியை முன்னால் தள்ளி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். சக்கரம் நிற்கவேண்டும். முழுவதும் அழுத்திய பின்னும் பிரேக் பிடிக்கும் கைப்பிடிக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கவேண்டும்.

மழையில், நிறுத்தவேண்டிய இடத்திற்கு வெகுதூரம் முன்பே பிரேக்கை மெல்லத் தொட்டு ரிம்மின் நீரைத் துடைத்துக்கொள்ளுங்கள். சரிவின் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்; பாதிச் சரிவில் குறைக்க எண்ணுவது காலங்கடந்த செயல். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். வளைவில், வழுக்கும் களிமண்ணில், முன் பிரேக்கைத் திடீரென இறுக்கினால் சக்கரம் சறுக்கி விழ நேரும். ஒரு கையில் குடை பிடித்து ஓட்டுபவருக்கு ஒரு பிரேக்கே மிஞ்சும். மழையங்கி அணியுங்கள், அதன் விளிம்பு சக்கரத்தில் சிக்காதபடி செருகிக்கொள்ளுங்கள். சரிவு மிகக் கடுமையாக இருந்தால், இறங்கித் தள்ளிச் செல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய கிழக்கு மாநிலங்களில் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை வலுக்கிறது. மேற்குக் கரைத் தோட்டங்களிலோ ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடிமழை மிகுதி. பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரமும் பல நாள்களில் அதுவே. ஆகவே, பெற்றோர் இவ்வாரமே பிள்ளைகளின் சைக்கிளைச் சோதித்துப் பார்த்து, மேற்கூறியவற்றை அவர்களுக்கும் கற்றுக்கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கத்தியைத் தீட்டாமல் நீங்கள் மரத்தடிக்குச் செல்வதில்லை. பிரேக்கைப் பாராமல் சரிவில் இறங்காதிருப்பதும் அதுபோன்ற பழக்கமாகட்டும்.