கல் சொல்லும் தேசம் – 12: சில்லறைக் காசில் மீண்ட கடல்விலங்கு

சென்ற வாரம் கூபர் பீடியின் பாறை வீடுகளுக்குள் போய் வந்தோம். தெற்கு ஆஸ்திரேலியாவின் அந்தப் பொட்டல்காட்டில், 1915-ல், தங்கம் தேடிப் போன கூட்டத்தோடு இருந்த 14 வயது வில்லி ஹட்சிசன் கண்ணில் ஓப்பல் பட்ட கதையையும் பார்த்தோம். இந்த வாரம் அதே மண்ணிலிருந்து வெளிவந்த ஒரு கடல்விலங்கின் கதை.

பொட்டலில் கடல்விலங்கா? சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரோமங்கா என்ற உள்நாட்டுக் கடல் இருந்தது. கடல் வற்றியபின், அதன் வண்டலில் சிப்பிகளும் எலும்புகளும் புதைந்து கிடந்தன. சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் பாறை இடுக்குகளிலும், எலும்பு கரைந்துபோன வெற்றிடங்களிலும் புகுந்து மெல்ல மெல்ல உறைந்தது. கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள் ஒரே அளவில் வரிசை பிசகாமல் அடுக்கி நின்றால், ஒளி அவற்றிடையே சிதறி நிறங்களாகப் பிரியும். அடுக்கு கலைந்திருந்தால் அது வெறும் மங்கல் கல். சுரங்கக்காரர்கள் அதை 'பாட்ச்' என்பார்கள்.

ஓப்பலைப் பட்டை தீட்டுகிறவர் முதலில் தேடுவது நிறம் ஓடும் தளத்தைத்தான். சுழலும் சக்கரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட பாட்சைச் சீவிக்கொண்டே போவார். பச்சையும் சிவப்பும் முகம் காட்டியதும் கை நின்றுவிட வேண்டும். இன்னும் ஒரு இழை தேய்த்தால் நிறமே போய்விடும். கல்லுக்குள்ளேயே நீர் இருப்பதால், சூடு ஏறினாலும் விரிசல் விடும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருப்பதுதான் இந்தக் கலை.

1954-ல் எலிசபெத் மகாராணி ஆஸ்திரேலியா வந்தபோது, 203 காரட் அண்டமூக்கா ஓப்பலைக் கழுத்தணியாக்கிப் பரிசளித்தார்கள். 1993-ல் ஓப்பல் தேசிய ரத்தினமானது. ஆனால் அதே ஆண்டு நடந்த இன்னொன்றுதான் என் மனதைத் தொடுகிறது.

1987-ல் கூபர் பீடி சுரங்கம் ஒன்றில், பிளையோசார் என்னும் கடல் ஊர்வனவின் எலும்புக்கூடு ஓப்பலாகவே மாறிய நிலையில் கிடைத்தது. துண்டு துண்டாகக் கிடந்ததைப் பொறுமையாக ஒட்டி உருவம் கொடுத்தார்கள். 'எரிக்' என்று செல்லப்பெயரும் வந்தது. பிறகு அது விலைக்கு வந்தபோது, வாங்குபவர் அதை நகைக்கல்லாக உடைத்துவிடுவாரோ என்ற அச்சம் பரவியது. மக்கள் பணம் திரட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் சில்லறையைக் கொடுத்தார்கள். 1993-ல் எரிக் சிட்னியின் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

2006-ல் விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயர் உமூனாசாரஸ் டெமோசில்லஸ். பின்பாதியில் மக்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இருக்கிறது. காசு கொடுத்தவர்களுக்கான நன்றி அது. முன்பாதியில் இருக்கும் 'உமூனா', கூபர் பீடி வட்டாரத்துக்கு அன்டகிரிஞ்சா பழங்குடியினரின் பெயர்.

அந்த முன்பாதியை நாம் மறக்கக் கூடாது. 1940-களில் கூபர் பீடியின் 'எட்டு மைல்' ஓப்பல் வயலில் ஓப்பலைக் கண்டவர் டாட்டி பிரையன்ட் என்ற பழங்குடிப் பெண். 1956-ல் 'ஒலிம்பிக் ஆஸ்திராலிஸ்' என்ற மாபெரும் ஓப்பல் கிடைத்ததும் அதே வயலில்தான். அந்தக் கல்லை உலகம் அறியும். அவர் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? ஓப்பலை 1993-லேயே தேசிய ரத்தினமாக அறிவித்துவிட்டார்கள். அந்த மண்ணில் அன்டகிரிஞ்சா மக்களுக்குள்ள பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்க 2011 ஆனது.

பாரம்பரியம் என்றால் எரிக்கின் பெயரைப் போல இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். காப்பாற்றிய கைகளுக்கும் அதில் இடம் வேண்டும், மண்ணுக்கு முதலில் பெயர் வைத்தவர்களுக்கும் இடம் வேண்டும். சக்கரத்தை எங்கே நிறுத்துவது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. எரிக் மீது அது படவே இல்லை.

அடுத்த வாரம், கறுப்பு ஓப்பல் விளையும் லைட்னிங் ரிட்ஜுக்குப் போவோம்.

(தொடரும்)