கழித்துக் கழித்துக் கிடைக்கும் கடல்

தொண்டியில் கடல் உள்வாங்கினால் மறுநாள் பேப்பரில் படம் வந்துவிடும்: சேறு தெரிய, தரைதட்டிச் சாய்ந்து நிற்கும் நாட்டுப்படகுகள். அதே கடலின் மட்டத்தை 800 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபடி சென்டிமீட்டர் சுத்தமாக அளக்கப் பார்க்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? வாருங்கள், அந்தக் கணக்குக்குள் எட்டிப் பார்ப்போம்!

இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து செய்த ‘சரல்’ செயற்கைக்கோள் 2013 பிப்ரவரி 25-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதிலுள்ள ‘ஆல்டிகா’ ரேடார் கீழே ஒரு துடிப்பை அனுப்பி, அது கடலில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் குறிக்கும். அவ்வளவுதான் அளவீடு. ஆனால் நொடியில் 1,500 கோடியில் ஒரு பங்கு பிசகினாலும் கடல் 1 சென்டிமீட்டர் ஏறிவிடும், அல்லது இறங்கிவிடும்!

இனிதான் கூத்து. உலர்ந்த காற்று மட்டுமே துடிப்பைத் தாமதப்படுத்தி, கடலைச் சுமார் 2.3 மீட்டர் தாழ்த்திக் காட்டும். காற்றழுத்தம் தெரிந்தால் அதைச் சரிசெய்துவிடலாம். காற்றிலுள்ள ஈரம்தான் பொல்லாதது. 40 சென்டிமீட்டர் வரை புரட்டும், நேரத்துக்கு நேரம் மாறும். அதைப் பிடிக்கவே கூடவே ஒரு ரேடியோமீட்டர் பறக்கிறது. அலையும் தன் பங்குக்கு ஏமாற்றும். முகடுகளைவிடப் பள்ளங்களே ரேடாரை நன்றாகத் திருப்பி அனுப்புவதால், கொந்தளிக்கிற கடல் தாழ்ந்த கடலாகத் தெரியும். ஆல்டிகாவின் அலைவரிசை 35.75 கிகாஹெர்ட்ஸ். பழைய ரேடார்களுக்கு அயனி மண்டலம் தந்த தொல்லையில் ஏழில் ஒரு பங்குதான் இதற்கு. பதிலுக்கு மழை இதை விழுங்கிவிடும்; ஐப்பசி அடைமழையில் சில அளவுகளைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

இந்தக் கணக்கு தொண்டியை நெருங்கும்போது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆழம் குறைந்த பாக் விரிகுடா, இந்தப் பக்கமும் கரை, அந்தப் பக்கமும் கரை. கடலின் எதிரொலியோடு நிலத்தின் எதிரொலியும் கலந்துவிடும். சூடான நிலத்தைப் பார்த்த ரேடியோமீட்டர் ‘காற்றில் எவ்வளவு ஈரம்!’ என்று தப்புக்கணக்குப் போடும். அங்கே அதை நம்பாமல் வானிலை மாதிரியிலிருந்து ஈரத்தைக் கடன் வாங்குகிறார்கள். நொடிக்கு 40 எதிரொலி வருகிறது. ஒவ்வொன்றின் வடிவத்தையும் திரும்ப ஆராய்ந்து, கடலின் குரல் எங்கே தொடங்குகிறது என்று தேடுகிறார்கள். என்ன பொறுமை!

எனக்கு மிகவும் பிடித்தது குறுக்குவெட்டு வித்தை. வடக்கே ஏறும் தடமும் தெற்கே இறங்கும் தடமும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில், இயல்பான ஏற்ற இறக்கம் போக, இரண்டும் ஒரே மட்டத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிழை அகப்பட்டது!

2022 டிசம்பரில் நாசாவும் பிரான்சும் ஏவிய ‘ஸ்வாட்’ செயற்கைக்கோள் சுமார் 120 கிலோமீட்டர் அகலத்தை ஒரே கடப்பில் பார்க்கிறது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி அடங்கிவிடக்கூடிய அகலம். ஆனால் அது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு சாய்ந்தாலே, 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடல் 29 சென்டிமீட்டர் பொய் சொல்லும். அந்தச் சாய்வையும் அதே குறுக்குவெட்டுப் புள்ளிகளை வைத்துத்தான் பிடிக்கிறார்கள்.