வாழைநாரும் கண்ணாடி இழையும் சேர்ந்தால் என்ன ஆகும், தெரியுமா?

குலை வெட்டியதும் வாழைமரத்தைச் சாய்த்துவிடுகிறோம். அதன் மட்டையில் உரித்த நார் பூக் கட்டத்தான் ஆகும் என்று நினைக்கிறீர்களா? அதே நாரைக் கண்ணாடி இழையோடு அடுக்கி, எபாக்சி பிசின் தடவி அழுத்தி இறுக்கினால், கார் கதவின் உட்பலகைக்கு ஏற்ற கெட்டியான பொருள் கையில் வந்துவிடும்! இப்படி இரு வேறு இழைகள் ஒரே பிசினுக்குள் சேரும் பொருளைத்தான் ‘ஹைபிரிட் காம்போசிட்’ என்கிறார்கள்.

நம் கடற்கரைகளில் வரிசையாக நிற்கும் ஃபைபர் படகுகள் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தவை. பலத்துக்குக் குறைவில்லை. ஆனால் எடை? ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடி இழை சுமார் 2.5 கிராம், சணலோ ஏறக்குறைய 1.4 கிராம்தான்! ஆளிவிதை தருகிற ஆளிச்செடியின் தண்டு நார் இன்னும் ஆச்சரியம். எடைக்கு எடை வைத்துப் பார்த்தால், விறைப்பில் அது கண்ணாடி இழைக்குச் சமமாகவே நிற்கிறது!

தேங்காய் நார் ஏன் அப்படி இழுபடுகிறது, தெரியுமா? ஒவ்வொரு நாருக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத செல்லுலோஸ் இழைகள் சுருள் கம்பி போலச் சுற்றிக் கிடக்கின்றன. ஆளியிலும் சணலிலும் அந்தச் சுற்று கிட்டத்தட்ட நேராக, நாரின் நீளவாக்குக்குச் சுமார் 10 டிகிரிக்குள் இருக்கும், அதனால் விறைப்பு. தேங்காய் நாரில் சாய்வு 30 டிகிரிக்கு மேல், சில நார்களில் 45 டிகிரி வரை! இழுத்தால் முதலில் அந்தச் சுருள்தான் பிரியும். கண்ணாடி இழை தன் நீளத்தில் 5 சதவீதம் நீளும் முன்பே முறிந்துவிடும். தேங்காய் நார் 15 சதவீதத்தைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். பலத்தில் கண்ணாடியின் பத்தில் ஒரு பங்குதான் தேறும் என்றாலும், அறுவதற்கு முன் எவ்வளவு அடியை வாங்கிக்கொள்கிறது பாருங்கள்!

இதைவிடப் பெரிய அதிசயம் அடுக்கும் வரிசையில் இருக்கிறது. கண்ணாடி இரண்டு அடுக்கு, சணல் இரண்டு அடுக்கு. நாலும் ஒரே தடிமன். கண்ணாடியை வெளியே, சணலை உள்ளே வைத்து ஒரு பலகை செய்யுங்கள். வரிசையைத் தலைகீழாக்கி இன்னொன்று. எடை ஒன்று, விலை ஒன்று, நீளவாக்கில் இழுத்தால் விறைப்பும் ஒன்றுதான். இப்போது இரு முனைகளையும் தாங்கி வைத்து நடுவில் அழுத்துங்கள். மேல்முகம் நசுங்கும், கீழ்முகம் இழுபடும், நட்டநடுவில் இரண்டும் ஏறக்குறைய பூஜ்யம். நாலு சம அடுக்கில் வளைவை எதிர்க்கும் வேலையில் எட்டில் ஏழு பங்கு வெளி அடுக்குகளுக்கே போகிறது. இது வெறும் வடிவக் கணக்கு! கண்ணாடி அடுக்கு சணல் அடுக்கைப் போல மூன்று மடங்கு விறைப்பு என்று வைத்துக்கொண்டால், முதல் பலகை இரண்டாவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விறைப்பாக நிற்கும். ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை, வரிசைதான் மாறியது!

1972-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹயாஷி கார்பன் இழையையும் கண்ணாடி இழையையும் கலந்து இழுத்துப் பார்த்தார். தனியாக இருக்கும்போது முறியும் அளவைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகமாக நீண்ட பிறகே கார்பன் முறிந்தது! பிசின் சூட்டில் இறுகி ஆறும்போது உள்ளே தங்கும் அழுத்தத்துக்கும் இதில் பங்குண்டு என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் ஒரு கார்பன் இழை அறுந்த இடத்தில் பக்கத்துக் கண்ணாடி இழை பாரத்தை வாங்கிக்கொண்டு விரிசலை ஓடவிடாமல் நிறுத்துகிறது என்பது உண்மை. நார்க் கலவை செய்பவர்கள் இன்றும் தேடுவது இந்த விளைவைத்தான்.

கற்கள் பதித்த கரடுமுரடான சாலையில் நடக்கும் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தை மூன்று முறை வென்ற பெல்ஜிய வீரர் யோஹான் முசேவ், ஓய்வுக்குப் பிறகு எதில் சைக்கிள் சட்டம் செய்தார், தெரியுமா? கார்பனோடு ஆளி நாரைக் கலந்து! நாரின் உள்ளமைப்பு அதிர்வை உராய்வாக்கித் தின்றுவிடும். வெறும் கார்பன் சட்டத்தில் அது நேராகக் கைக்கு வரும்.

சைக்கிளுக்கு வெகு முன்பே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற அச்சத்தில், இங்கிலாந்தில் ஆளி நாரும் பிசினும் கொண்டு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் உடற்பகுதியையே செய்து பார்த்தார்கள்!

குறையும் உண்டு. நார் தண்ணீரைக் குடித்து ஊதும். ஊதினால் பிசின் விடும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும். தண்ணீரை நாடும் நாரையும் தண்ணீரை ஒதுக்கும் பிசினையும் ஒட்டவைப்பது எப்படி? காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்தால் மெழுகும் அழுக்கும் போய், மேற்பரப்பு சொரசொரப்பாகிப் பிடிப்பு கூடும். அளவு மீறினால் நாரே நைந்துவிடும். இந்தக் காரக் குளியலைப் பருத்திக்கு 1844-இல் கண்டுபிடித்தவர் ஜான் மெர்சர். துணிக்கடையில் ‘மெர்சரைஸ்டு காட்டன்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அவர் பெயர்தான்!

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு வாழைநாரையும் கற்றாழை நாரையும் தேடி அலையும் பொறியியல் மாணவர்களே, எத்தனை சதவீதம் நார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த அடுக்கு வெளியே, எது உள்ளே, நார் எவ்வளவு காய்ந்திருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். காய்ந்த துண்டைச் சோதித்த பிறகு, தண்ணீரில் ஊறிய துண்டையும் ஒருமுறை முறித்துப் பாருங்கள்.